அடுத்த முறை ஒரு வாரம் தங்கும்படி வாருங்கள்

கடல் கடந்து வாழ்ந்தும் எங்கள் ஊர்ப் பள்ளிகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்க வரும் தன்னார்வ நண்பர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவே, ஒரு கடற்கரைக் கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பத்தொன்பது வருடமாக ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடுதான் என் பொழுது போகிறது. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் லீவு போட்டு, சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வருகிறீர்கள். அந்த மனசுக்கு முதலில் நன்றி. நம்மவர்கள் என்ற உரிமையில் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

போன ஆகஸ்டில் உங்களில் ஒருவர் எங்கள் பள்ளிக்கு வந்தார். நுண்ணுயிரியல் படித்தவர். பையில் இருந்தது நுண்ணுயிர்களை வளர்க்கக் கூழாக உறையவைக்கும் அகார் தூள் ஒரு பொட்டலமும், மூடி போட்ட இருபது பிளாஸ்டிக் தட்டுகளும்தான். "இது எதிலிருந்து வருது தெரியுமா?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. கடற்பாசியிலிருந்து என்று சொல்லிப் போனில் படத்தைக் காட்டியதும் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்துவிட்டாள். "மிஸ், இது மரிக்கொழுந்துப் பாசி! எங்கம்மா எடுக்கிறது!"

அவள் அம்மா விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, தண்ணீருக்குள் மூழ்கி, பாறையிலிருந்து அதைப் பிய்த்துக் காயவைத்து விற்கிறவர். வியாபாரி கம்பெனிக்கு அனுப்புகிறார் என்பது வரைதான் அந்த வீட்டில் தெரியும். 1881-இல் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண்மணிதான் ஆய்வகத்துக்கு அகாரைப் பரிந்துரைத்தார், அதற்கு முன் பயன்பட்ட ஜெலட்டின் வெயிலில் உருகிவிடும் என்று வந்தவர் சொன்னபோது, அந்தப் பெண் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் மீன் அவித்த தண்ணீரில் அகாரைக் கலந்து, சத்துணவு அக்காவிடம் குக்கர் வாங்கி வேகவைத்துத் தட்டுகளில் ஊற்றினோம். ஒரு பாதியில் கழுவாத விரலை வைத்தார்கள், மறுபாதியில் சோப்புப் போட்டுக் கழுவிய விரலை. மூடி, டேப் ஒட்டி அலமாரியில் வைத்தாயிற்று. மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை கழுவாத பக்கம் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள். கழுவிய பக்கத்திலும் நாலைந்து. சோப்புப் போட்டும் ஏன் வந்தது என்று வகுப்பில் அரை மணி நேரம் சண்டை. என் வேலைக்காலத்தில் அப்படியொரு வகுப்பு நடந்ததில்லை.

அவர் ஐந்து நாள் தங்கினார். ஒரே நாளில் கிளம்பியிருந்தால் நாங்கள் வெறும் தட்டைத்தான் பார்த்திருப்போம். நான் கேட்பது இதைத்தான். பத்துப் பள்ளிக்கு ஒவ்வொரு நாள் என்று திட்டம் போடாதீர்கள். இரண்டு பள்ளி போதும். ஒரு வாரம் இருங்கள், அடுத்த வருடமும் அதே பள்ளிக்கு வாருங்கள்.

டிசம்பரில் வராதீர்கள். உங்களுக்குக் கிறிஸ்துமஸ் லீவு விடும்போது எங்களுக்கும் அரையாண்டு விடுமுறை. அதற்கு முந்தைய வாரங்கள் தேர்வு, அதற்கும் முன்னால் வாடை மழை. ஜூலை, ஆகஸ்ட் சரியாக இருக்கும். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு அப்போதுதான் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும்.

பொருள் கொடுப்பது பற்றி ஒன்று சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். சில வருடம் முன்பு எங்களுக்கு நல்ல தொலைநோக்கி ஒன்று வந்தது. விலை அதிகம், இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டது. உடைந்தால் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும். அதனால் அது பீரோவைவிட்டு வெளியே வந்ததே இல்லை. அந்தப் பொறுப்பாசிரியை நான்தான். பிள்ளைகளிடம் கொடுக்கப் பயந்தேன், அதற்காக இன்றும் வருத்தப்படுகிறேன். உடைந்தால் உடையட்டும் என்று கொடுக்கக்கூடிய பொருளாக வாங்கி வாருங்கள். குவிலென்சு நாற்பது, ஒயர், பல்பு, லிட்மஸ் தாள். பேட்டரி கிளிப்புகள் நிறைய வேண்டும், உப்புக்காற்றில் ஒரே பருவத்தில் பச்சை பூத்துவிடுகின்றன.

ஆறு முதல் எட்டு வரைக்கு, அரசுப் பள்ளிகளில் அறிவியலையும் கணிதத்தையும் செய்துபார்த்துக் கற்க 2022-இல் தொடங்கிய வானவில் மன்றம் இருக்கிறது. ஒன்பது, பத்துக்குத்தான் ஆள் குறைவு. பையன்கள் படகுக்குப் போவதும் இந்த வயதில்தான். பத்தாம் வகுப்பு அறிவியலில் நூற்றுக்கு 25 மதிப்பெண் செய்முறைக்கு. அதைச் செய்யாமலே நோட்டில் எழுதிப் பழகிய பிள்ளைகள் நிறைய உண்டு. தமிழ்வழிப் பிள்ளைகளிடம் 'ஆக்சிலரேஷன்' என்று சொன்னால் தலையாட்டுவார்கள், கேள்வித்தாளில் 'முடுக்கம்' என்றுதான் வரும். வருமுன் எங்கள் பாடப்புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

கலாம் ஐயாவுக்கு ஐந்தாம் வகுப்பில் பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் விளக்கிவிட்டு, ராமேஸ்வரம் கடற்கரைக்கே கூட்டிப்போய்க் காட்டினார் அவருடைய ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். எங்களுக்கும் வாசலிலேயே கடல். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும்போது வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) ஏன் ஏரி மாதிரி கிடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், கடைசி பெஞ்சுப் பையன்தான் முதலில் கை தூக்குவான். அவனுக்குக் காற்றழுத்தத்தை அங்கிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கற்றுக்கொள்கிறேன்.

தங்க எங்கள் வீட்டு மாடி அறை இருக்கிறது. எந்த வாரம் வருவீர்கள் என்று ஜூன் முடிவதற்குள் சொல்லுங்கள். அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகளாகக் கால அட்டவணையில் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
ஓர் அறிவியல் ஆசிரியை,
மண்டபம் ஒன்றியம்