15-ஆம் தேதி கட்சித் தலைவர் தேர்தல்: எல்லோரும் படிக்கவும்

நண்பர்களே, இரிபப்ளிக் (eRepublik) இணைய ஆட்டத்தில் வரும் 15-ஆம் தேதி நம் கட்சித் தலைவர் தேர்தல். போட்டியே இல்லை, யார் போட்டால் என்ன என்று விட்டுவிட வேண்டாம். போன வாரத்திலிருந்து முன்பின் தெரியாத சிலர் வரிசையாகக் கட்சியில் சேர்ந்திருக்கிறார்கள். குழுவுக்கு அழைத்தால் பதிலே இல்லை.

வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் சின்னக் கட்சிக்குள் கூட்டமாக நுழைந்து தலைவர் பதவியைப் பிடிப்பது இந்த ஆட்டத்தில் பழைய வித்தை. தலைவர் போனால் 25-ஆம் தேதி காங்கிரஸ் (ஆட்டத்தில் நம் நாட்டின் நாடாளுமன்றம்) தேர்தலுக்கான வேட்பாளர் பட்டியலும் அவர்கள் கைக்குப் போய்விடும். அப்புறம் வரி, நாட்டுக் கருவூலம், குடியுரிமை எல்லாவற்றிலும் அவர்கள் குரல்தான். அடுத்த மாதம் 5-ஆம் தேதி நாட்டுத் தலைவர் தேர்தல் வேறு இருக்கிறது.

நேரத்தைக் கவனியுங்கள். ஆட்டத்தின் கடிகாரம் அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி ஓடுகிறது. இப்போது அங்கே கோடை நேரம் என்பதால், நமக்கு 15-ஆம் தேதி மதியம் 12.30-க்குத்தான் வாக்குப்பதிவு தொடங்கும். மறுநாள் மதியம் 12.30 வரை போடலாம். காலையிலேயே திறந்து பார்த்துவிட்டு "பட்டனைக் காணோம்" என்று கேட்காதீர்கள்!

ஓட்டு போட்டதும் இங்கே ஒரு 👍 போதும். இரண்டாவது கணக்கு தொடங்கி உதவுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், அது விதிமீறல், கணக்கே முடக்கப்படும். புதியவர்களிடம் சண்டைக்கும் போகாதீர்கள், அதில் உண்மையான ஆட்களும் இருக்கலாம். பரீட்சை என்று ஒதுங்கியிருக்கும் தம்பிகளுக்கு யாராவது போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.