கார் மேல் சைக்கிள் ஏற்றுவது பற்றி, மகளுக்கு

வேலூர்
ஞாயிறு காலை

அன்பு மகள் கவிதாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே மாப்பிள்ளையும் குட்டியும் சுகம்தானே?

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். லீவுக்கு வரும்போது மூன்று பேர் சைக்கிளையும் காரிலேயே கொண்டுவரப் போகிறோம், எந்த ரேக் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி காதில் விழும், பாதி விழாது. சைக்கிள் கடையை இன்றைக்கு லேட்டாகத் திறந்துகொள்ளலாம் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் படத்தில் இருப்பது டிக்கிக் கதவில் பெல்ட் போட்டு மாட்டுகிற ரேக். அது வேண்டாம் கண்ணு. விலை குறைவு, மடித்தால் ஒரு பைக்குள் அடங்கும், தலைக்கு மேல் தூக்க வேண்டியதில்லை, எல்லாம் சரி. ஆனால் உன் கார் பின்கதவின் மேல் விளிம்பில் பிளாஸ்டிக் ஸ்பாய்லர் இருக்கிறது. ரேக்கின் கொக்கி பிடிக்க வேண்டிய இடமே அதுதான். சைக்கிள்களின் எடையை அந்தப் பிளாஸ்டிக் தாங்காது. மாட்டிய பிறகு நம்பர் பிளேட்டும் பின் விளக்கும் மறைந்துவிடும். நம்பர் பிளேட்டை மறைத்து ஓட்டுவது சட்டப்படி தவறு. விளக்கு மறைந்தாலோ, நீ பிரேக் போடுவதே பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. குட்டிக்கு வழியில் ஒரு சட்டை மாற்ற வேண்டுமென்றாலும் எல்லாச் சைக்கிளையும் இறக்கினால்தான் டிக்கி திறக்கும்.

போன மாதம் ஏலகிரிக்குப் போகிற ஒரு குடும்பம் இதே மாதிரி ரேக்கோடு நம் கடை வாசலில் வந்து நின்றது. ஒரு சைக்கிளில் செயின் கழன்றிருந்தது. ரேக்கை இறக்கியதும் பார்த்தேன், ரப்பர் பட்டை உட்கார்ந்திருந்த இடத்தில் கார் பெயின்ட் உள்ளங்கை அகலத்துக்கு மங்கிப்போயிருந்தது. விரலால் தடவினால் நறநறவென்று மணல். ரோட்டுத் தூசி ரப்பருக்கு அடியில் புகுந்து வழியெல்லாம் உப்புத்தாள் போலத் தேய்த்திருக்கிறது. கீழே தொங்கிய டயர் ஒன்று சைலன்சர் வாய்க்கு நேராக இருந்ததால் ஓரம் இளகி, தொட்டால் பிசுக்கென்று ஒட்டியது. வேறு டயர் போட்டு அனுப்பினேன்.

மூன்றாவது படம், காருக்கு அடியில் இழுவைக் கொக்கி பொருத்தி அதில் மாட்டுவது. வெளிநாட்டில் அது வழக்கம். இங்கே சின்ன கார்களுக்கு அந்தக் கொக்கியைக் கம்பெனியே போட்டுத் தருவதில்லை. வெளியில் யாரிடமாவது வெல்டிங் வைத்துப் போட நினைக்காதே. பின்னால் யாராவது இடித்தால் அடி நேராகப் பாடிக்குப் போகும்.

ஆக, நடுப்படம். கூரை மேல் இரண்டு குறுக்குப் பார், அதன் மேல் சைக்கிளை நிற்க வைக்கும் ஸ்டாண்டு. என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் மூன்று சைக்கிளும் மேலே போகக் கூடாது. கார் புத்தகத்தில் கூரை தாங்கும் எடை 50 கிலோ என்று போட்டிருக்கிற பக்கத்தை நீதான் அனுப்பியிருந்தாய். கணக்குப் பண்ணிப் பார். குறுக்குப் பார் இரண்டும் சேர்ந்து 5 கிலோ, ஸ்டாண்டு ஒன்று 4 வீதம் 8, மாப்பிள்ளை சைக்கிள் 15, உன்னுடையது 16. இதற்கே 44 ஆகிவிட்டது. குட்டியின் சைக்கிள் 11 கிலோ. அதற்கு இன்னொரு ஸ்டாண்டும் வைத்தால் 50-ஐத் தாண்டிவிடும். 20 இன்ச் சைக்கிள்தானே, முன்சக்கரத்தைக் கழற்றி, பின்சீட்டில் பாதியை மடக்கி உள்ளேயே படுக்க வை. மீதிப் பாதியில் அவன் உட்கார்ந்து வரட்டும். தன் சைக்கிள் பக்கத்திலேயே வருவதில் அவனுக்கும் சந்தோஷமாக இருக்கும்.

ஸ்டாண்டிலும் வகை உண்டு. முன்சக்கரத்தைக் கழற்றி, அதைப் பிடித்திருக்கும் கவையை (ஃபோர்க்) மாட்டுவது ஒன்று. உயரம் குறையும், ஆட்டமும் குறைவு. ஆனால் மாப்பிள்ளை சைக்கிள் டிஸ்க் பிரேக். சக்கரம் இல்லாதபோது யாராவது தெரியாமல் பிரேக்கை அழுத்தினால் பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிரிப்பது பெரிய வேலை. பிரேமை நடுவில் கவ்விப் பிடிப்பது இன்னொன்று. மெல்லிய அலுமினியக் குழாயை அளவுக்கு மீறி முறுக்கினால் நசுங்கும், கார்பன் பிரேம் என்றால் கவ்வவே கூடாது. உன்னுடையது லேடீஸ் பிரேம், கவ்வுவதற்குத் தோதான குழாய் இல்லை. அதனால் முன்சக்கரத்தை மட்டும் அணைத்துப் பிடிக்கும் வகையாக இரண்டு வாங்கு. உன் சைக்கிளின் முன் மட்கார்டையும் கூடையையும் கழற்றிவிடு. 10-ம் நம்பர் ஸ்பேனர் போதும், ஐந்து நிமிட வேலை.

இவ்வளவு நுணுக்கமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

1998-ல் நாம் ஏலகிரி போனோமே, நினைவிருக்கிறதா? ஏலகிரி அப்போது நம் வேலூர் மாவட்டம்தான், திருப்பத்தூர் பிரிந்தது 2019-ல். உனக்கு 9 வயசு. சிவப்புச் சைக்கிள் இல்லாமல் வரமாட்டேன் என்று அடம்பிடித்தாய். வாடகை அம்பாசிடர். அந்தக் காலத்துக் காரில் கூரை ஓரம் மழைத்தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால் இருக்கும், கேரியரை அதில்தான் பூட்டுவார்கள். சைக்கிளை அதன் மேல் படுக்க வைத்து, தேங்காய்நார்க் கயிற்றால் நானே கட்டினேன். பிரேமை மூன்று சுற்று, பின்சக்கரத்தை இரண்டு சுற்று. முன்சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் கட்டவில்லை. சைக்கிள் கடைக்காரன் நான், எனக்குத் தோன்றவில்லை.

ஆம்பூர் தாண்டினோம். அப்போது அது 46-ம் நம்பர் ரோடு, போக ஒன்று வர ஒன்று. காற்றில் முன்சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது, ஹேண்டில் இடமும் வலமும் ஆடி ஆடிக் கயிற்றை இழுத்திருக்கிறது, கயிறு பெடல் முனையில் உரசி அறுந்தது. நீ அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். சத்தம் கேட்டு டிரைவர் நிறுத்தினார். பின்னால் மொபெட்டில் வந்த பால்காரர் சைக்கிள் மேல் ஏறாமல் இருக்க ஒடித்து, புளியமரத்தடியில் விழுந்து கிடந்தார். இரண்டு கேன் பாலும் ரோட்டில். வெள்ளையாக ஓடி, ஓரத்துப் புழுதியில் இறங்கி, சாம்பல் நிறமாகத் தேங்கியதை நான் நின்று பார்த்தேன். அவருக்கு முழங்கை சிராய்ப்போடு போயிற்று. பின்னால் ஒரு லாரி வந்திருந்தால்? பால் காசைக் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. சைக்கிளிலிருந்து தெறித்த மணியைப் பொறுக்கி வந்து, "பாப்பாவுதா?" என்று கேட்டு என் கையில் கொடுத்தார்.

சைக்கிள் கடையில் விழுந்து கீறியது என்று உன்னிடம் சொன்னேன். அது பொய்.

அதனால் நீ எந்த ரேக் வாங்கினாலும், உனக்குப் பின்னால் மொபெட்டில் ஒருத்தர் வருகிறார் என்று நினைத்துக்கொண்டு மாட்டு. உன் காருக்கு அந்த வாய்க்கால் கிடையாது, குறுக்குப் பார் கதவுச் சட்டத்தைப் பிடித்துத்தான் நிற்கும். அந்த மாடலுக்கென்றே வரும் கிளாம்ப்பைக் கேட்டு வாங்கு. மாட்டிய பிறகு பாரைப் பிடித்து நன்றாக உலுக்கிப் பார். கார் முழுக்க ஆட வேண்டும். பார் மட்டும் ஆடினால் கழற்றித் திரும்ப மாட்டு. ஸ்டாண்டின் பெல்ட்டுக்கு மேலே சக்கரத்தையும் ஹேண்டிலையும் தனியாகக் கட்டணும். அதற்கு ரப்பர் வார் நான் அனுப்புகிறேன். பழைய டியூப், வால்வு இருக்கும் இடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு விரல் அகலத்தில் வெட்டியது. கயிறு போல நழுவாது, பெயின்டையும் கீறாது.

பெங்களூரிலிருந்து கிளம்பினதும் எல்லாம் ஒரு தடவை அசைந்து உட்காரும். அத்திப்பள்ளி டோல் தாண்டி ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு பெல்ட்டையும் கையால் இழுத்துப் பார். கிருஷ்ணகிரியில் டீ குடிக்கும்போது இன்னொரு தடவை. 80-க்கு மேல் வேண்டாம். லாரியை ஓவர்டேக் எடுக்கும்போது காற்று பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளும், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள மாப்பிள்ளையிடம் சொல். பெட்ரோல் கொஞ்சம் கூடத்தான் செலவாகும்.

இனி உயரம். எனக்கு மிச்சமிருக்கும் பயம் இதுதான். கார் 5 அடி, பாரும் ஸ்டாண்டும் அரை அடி, சைக்கிள் மூன்றரை அடி. மொத்தம் 9 அடி. உங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் இது நுழையவே நுழையாது. சைக்கிளை கேட்டுக்கு வெளியே, தெருவில் வைத்து ஏற்று. திரும்பிப் போகும்போதுதான் ஆபத்து. ராத்திரி, தூக்கக் கலக்கம், மேலே சைக்கிள் இருப்பதே மறந்து உள்ளே விட்டுவிடுவார்கள். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிவிடு, சைக்கிளை இறக்கிய பிறகுதான் அவிழ்க்க வேண்டும். ரயில்வே பாலத்துக்கு அடியில் நுழையும் முன் அங்கே எழுதியிருக்கும் உயரத்தைப் படித்துவிட்டுப் போங்கள்.

ஏலகிரிக்கும் போவீர்கள்தானே, அங்கே 14 கொண்டை ஊசி வளைவுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்களே, குட்டியை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வரச் சொல்லலாம். மேலே எடை இருப்பதால் வளைவில் மெதுவாகத் திரும்பணும். மேலே போனதும் புங்கனூர் ஏரிப் பக்கம் இறக்கி ஓட்டட்டும். இங்கே வேலூரில் விடியற்காலையில் அவனைக் கோட்டை அகழியைச் சுற்றி நான் கூட்டிப் போகிறேன். என் சைக்கிளுக்குப் புதுச் செயின் போட்டாச்சு.

அம்மா இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் சொல்லி வைத்திருக்கிறாள். நீங்கள் வருகிற அன்றைக்கு எண்ணெய்க் கத்தரிக்காய்.

நம் வீட்டு போர்ட்டிகோ ஏழரை அடிதான். காரை உள்ளே கொண்டுவராமல் வேப்பமரத்தடியில் நிறுத்தச் சொல். பள்ளிகொண்டா டோல் வந்ததும் ஒரு போன் போடு, வாசலில் ஸ்டூலோடு நிற்கிறேன். நானும் மாப்பிள்ளையுமாக இறக்கிக்கொள்கிறோம்.

உன்
அப்பா