பஞ்சார் கம்பூ குழு: செயலாளரின் 2024ஆம் ஆண்டறிக்கை

ஓம் சுவஸ்தியாஸ்து.

மதிப்பிற்குரிய ஊர்ப்பிரிவுத் தலைவரான கிளியான் அவர்களே, மூத்த கலைஞர்களே, உறுப்பினர்களே,

பாலித் தீவின் கியான்யார் வட்டாரத்தில், நம் பஞ்சார் என்னும் ஊர்ப்பிரிவைச் சேர்ந்த கம்பூ நாட்டிய நாடகக் குழுவின் ஓராண்டு நடவடிக்கைகளை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

ஊர்க் கோயிலின் ஒடாலான் திருவிழா 210 நாளுக்கு ஒருமுறை வருவதால் இவ்வாண்டு இருமுறை அமைந்தது, இரண்டிலும் ஆடினோம். தும்பெக் கருலுத் நாளில் இசைக்கருவிகளுக்கு வழக்கம்போல் பூசை நடந்தது. டென்பசார் கலைவிழா ஊர்வலத்தில் நம்மவர் 8 பேர் நடந்தனர். கம்பூக் கதைகளின் நாயகனான இளவரசன் பாஞ்சியின் தோல் கிரீடத்துக்குப் பொன்பூச்சு புதுப்பிக்கப்பட்டது.

இனிக் குழல் வகுப்பு. குழுப் பணத்தைச் செயலாளர் குழலில் ஊதித் தீர்த்துவிட்டார் என்று சிலர் பேசியது என் காதுக்கும் வந்தது. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மற்றப் பல ஆட்டங்களுக்கு வெண்கலக் கருவிகளின் முழக்கம் இருக்கிறது. நம் ஆட்டத்தைத் தாங்குவது நீண்ட மூங்கில் குழல்களும் ரெபாப் என்னும் வில்லிசைக் கருவியும்தான். ஜாவாவின் மஜாபாஹித் அரசவை வழி வந்த கம்பூவிடமிருந்துதான் பாலியின் மற்ற ஆட்டங்களான லெகோங்கும் அர்ஜாவும் தங்கள் அசைவுகளையும் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டன. அந்தக் குழல் ஏறத்தாழ மூன்றடி நீளம். தரையில் அமர்ந்து, அடிநுனியைத் தரையில் ஊன்றி ஊத வேண்டும். மூக்கால் மூச்சை இழுக்கும்போதே கன்னத்தில் தேக்கிய காற்றை வெளியே விட வேண்டும். இதைத்தான் பெரியவர்கள் ஙுஞ்சல் அங்கிஹான் என்பார்கள். ஓசை அறுந்தால் ஆடுபவரின் அடியும் அறுந்துவிடும்.

நம்மிடம் குழலூதுவோர் நால்வர் இருந்தனர். ஒருவர் காலமானார். ஒருவருக்குப் பற்கள் விழுந்ததால் காற்று நிற்பதில்லை. மீதமுள்ள இருவரும் 65 வயதைக் கடந்தவர்கள். ஆண்டின் முதல் ஒடாலானில் அவர்களில் ஒருவருக்கு இருமல் வந்தது. அடுத்தவரும் அந்த நேரம் பார்த்துத் தடுமாறினார். தூக்கிய காலோடு அரசன் வேடக்காரர் அப்படியே நின்றார். நான்கைந்து நொடிதான் இருக்கும். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மார்ச் மாதம் வகுப்பைத் தொடங்கினேன். ஒன்பது பிள்ளைகள் வந்தனர். முதல் ஒரு மாதம் குழலே கொடுக்கவில்லை. தண்ணீர்க் குவளையில் உறிஞ்சுகுழாயை வைத்து, குமிழி நிற்காமல் ஊதப் பழக்கினார் நம் பெரியவர். செப்டம்பரில் வந்த கலுங்கான் பண்டிகைக்குள் ஐவராகக் குறைந்தனர். அந்த ஐவரில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி இப்போது மூச்சு அறாமல் ஒரு மெல்லிய பாட்டை முழுதும் ஊதுகிறாள். பெண்பிள்ளை ஏன் ஊத வேண்டும் என்று கேட்டவர்களுக்கு: முன்பு ஆண்களே ஆடிய புத்ரி என்னும் இளவரசி வேடத்தைப் பெண்கள் ஆடுவதை நாம் மகிழ்ந்து ஏற்கவில்லையா? சுருதி ஒத்த மூன்று குழல்கள் வாங்கியதுதான் பெரிய செலவு. அதை வீண் என்று நான் கருதவில்லை.

ஒத்திகைகள் 42 நடந்தன. உறுப்பினர் 34 பேரும் வந்த நாள்கள் இரண்டே. ஊரை அழைக்கும் குல்குல் மரமுரசு ஒலித்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த காலத்தை மூத்தோர் அறிவர். இன்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினால் பார்த்த அடையாளம் மட்டும் வருகிறது. ஓட்டலில் இரவுப்பணி பார்ப்போரையும் கப்பல் வேலைக்குப் போனவர்களையும் குறை சொல்ல மாட்டேன். ஊரில் இருந்துகொண்டே வராதவர்களைத்தான் கேட்கிறேன். விதிப்படி வாங்க வேண்டிய தண்டத்தை மூன்றாண்டாக யாரிடமும் வாங்கவில்லை. அந்தத் தளர்வு சரியல்ல.

2015இல் யுனெஸ்கோ பாலியின் மூவகை நடனங்களைத் தன் பட்டியலில் சேர்த்தபோது, சடங்கோடு சேர்ந்த பெபாலி வகையில் கம்பூவும் இடம்பெற்றது. அன்று இந்த மண்டபத்தில் கூடியவர்களில் பாதிப்பேர் ஒத்திகைக்கு வந்தாலே போதும்.

ஓர் ஓட்டல் 20 நிமிடக் கம்பூ கேட்டது, மறுத்தோம். வருமானம் போயிற்று என்று வருந்துவோருக்கு என் பதில்: பயணிகள் முன் ஆடுவது தவறில்லை. ஆனால் பணிப்பெண் சோண்டோங் வந்து ஆடி, தன் அரசிளங்குமரியை அழைப்பதற்கே அந்த நேரம் போதாது. எதை வெட்டுவது?

வரவும் செலவும் பெரும்பாலும் ஈடாகின்றன; சிறு தொகை கையிருப்பில் இருக்கிறது. விவரங்களைப் பொருளாளரிடம் பார்த்துக்கொள்ளலாம். 11 பேரின் சந்தா நிலுவையில் உள்ளது. பெயர்களைப் படிக்கப் போவதில்லை, அவரவருக்குத் தெரியும்.

கிளியான் அவர்களுக்கும், காணிக்கைகள் தயாரித்த பெண்களுக்கும், மண்டபத்துக்கு மின்விளக்கு அளித்த அன்பருக்கும் குழுவின் நன்றி.

வரும் ஆண்டு நான்காவது குழல் வேண்டும். என் பொறுப்புக் காலம் அடுத்த கூட்டத்தோடு முடிகிறது. தொடர்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஏப்ரல் கலுங்கானுக்கு முன் நிலுவை வந்து சேர்ந்தால் அந்த முடிவு எனக்கு எளிதாக இருக்கும். அவ்வளவு கூட இயலாதவர்கள் தம் வீட்டுப் பிள்ளை ஒன்றை அனுப்பினாலும் அதைச் சந்தாவாகவே ஏற்றுக்கொள்வேன். ஞாயிறு மாலை 5 மணிக்கு மண்டபம் திறந்திருக்கும்.

ஓம் சாந்தி, சாந்தி, சாந்தி, ஓம்.

செயலாளர்