மாஸ்டரின் புது அறைக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

வணக்கம்.

இந்த மடலை மாஸ்டர்தான் எழுதியிருக்க வேண்டும். "எனக்கு எழுத வராது, நீயே எழுதிடு" என்று என் தலையில் கட்டிவிட்டார். வயலின், கிதார், புல்லாங்குழல், கீபோர்டு, மிருதங்கம் என்று எதைக் கையில் கொடுத்தாலும் வாசிக்கிற மனிதர், நாலு வரி நன்றி எழுதச் சொன்னால் மட்டும் நழுவிவிடுகிறார். ஒரு வகையில் நல்லதுதான். அவர் எழுதியிருந்தால் அவரைப் பற்றி ஒரு வார்த்தை இருந்திருக்காது.

எங்கள் இசை வகுப்புக்கு அறை கிடைத்த அன்று நாங்கள் வெளிச்சம் போதுமா, மின்விசிறி ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். மாஸ்டர் நேரே நடுவில் போய் நின்று ஒரே ஒரு தடவை கைதட்டினார். "டிர்ர்ர்" என்று அறை அதிர்ந்தது. எதிரெதிரே இரண்டு மொட்டைச் சுவர், இடையே ஐந்து மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும். அப்படியென்றால் ஒரு தட்டு, நொடிக்கு ஏறக்குறைய 70 தடவை என்ற வேகத்தில் அவர் காதுக்குத் திரும்பி வந்திருக்கிறது. "இங்க தாளம் சொல்லிக்கொடுத்தா, எது தன்னோட அடி, எது சுவரோட அடின்னு பிள்ளைங்களுக்குத் தெரியாது" என்றார்.

அந்தச் சுவர்களை அடக்கிக் கொடுத்த தச்சருக்கு முதல் நன்றி. மரச்சட்டம், உள்ளே ராக்வூல் என்கிற கல்பஞ்சு, மேலே துணி. சட்டத்தைச் சுவரோடு சேர்த்து அடிக்காமல் ஒரு சாண் தள்ளி மாட்டச் சொன்னார் மாஸ்டர். "இடம் வீணாகுதே சார்" என்றவரை உட்காரவைத்து விளக்கினார்: சுவரை ஒட்டிய காற்றுக்கு முன்னும் பின்னும் அசைய வழியில்லை, தள்ளி வைத்தால்தான் அசைகிற காற்று பஞ்சுக்குள் புகுந்து உரசி ஓயும், கனத்த ஒலிகளுக்கு அந்த இடைவெளி இன்னும் முக்கியம். தச்சர் மறுபேச்சு பேசவில்லை. அதோடு, யாரும் சொல்லாமலே கதவுக்கு அடியில் ரப்பர் பட்டையும் ஒட்டிவிட்டுப் போனார்.

முட்டை அட்டைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்த நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. கீச்சென்ற ஒலிகளை அவை கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். உங்கள் அட்டைக் குழிகளில் இப்போது கிதார் மீட்டும் பிக்குகளும் வயலின் வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் கட்டிகளும் குடியிருக்கின்றன. புத்தக அலமாரி கொடுத்தவருக்கு: புத்தகங்களை வரிசையாக அடுக்காமல் முன்னும் பின்னுமாக வைத்திருக்கிறோம். ஒலி நாலாபக்கமும் சிதற வேண்டும் என்பது மாஸ்டர் உத்தரவு.

பழைய பியானோவைக் கொடுத்த குடும்பத்துக்கும், அதை மாடியேற்றிய தோள்களுக்கும், சுருதி சேர்த்துக் கொடுத்தவருக்கும் சேர்த்தே சொல்ல வேண்டும். 88 கட்டைகள், இருநூறுக்கு மேல் தந்திகள். அந்த வேலை நடந்த நாளில் மாஸ்டர் வகுப்பை ரத்து செய்யவில்லை, அதையே வகுப்பாக்கிவிட்டார். நொடிக்கு 440 அதிர்வு தரும் சுருதிக்கவையும் 438-இல் இருக்கும் தந்தியும் சேர்ந்து ஒலித்தால், நொடிக்கு இரண்டு தடவை ஒலி ஏறி இறங்கும். ஒவ்வோர் ஏற்றத்துக்கும் விரல் தூக்கச் சொன்னார். ஆணியை முறுக்க முறுக்க, விரல்கள் மெதுவாகி, கடைசியில் ஒருவர் விரலும் எழவில்லை. பிறகு ஒரு பையன், "சுருதி சேர்க்கிறவர் பியானோவில் ச-ப இடைவெளியை வேண்டுமென்றே கொஞ்சம் குறைக்கிறாரே, ஏன்?" என்று கேட்டான். மாஸ்டர் பதில் சொல்லவில்லை. வயலினை அவன் கையில் கொடுத்து, அதே ச-ப-வைச் சேர்த்து இழுக்கச் சொன்னார். வித்தியாசத்தை அவன் கேட்டபிறகுதான், சுத்தமான பஞ்சமங்களை, அதாவது ச-ப இடைவெளிகளை, பன்னிரண்டு தடவை அடுக்கினால் ஏழு ஸ்தாயியில் (ச-விலிருந்து மேல் ச வரை ஒரு ஸ்தாயி) போய்ப் பொருந்தாமல் சற்று மிஞ்சும், அந்த மிச்சத்துக்காகத்தான் ஒவ்வொன்றையும் கொஞ்சம் குறைக்கிறார் என்ற கணக்கே வந்தது.

முதலில் கேட்டுவிட வேண்டும், பெயரும் விதியும் அப்புறம். அவரிடம் எல்லாமே இந்த வரிசைதான். "எப்ப சார் பாட்டு வாசிப்பான்?" என்று பொறுமையிழந்த பெற்றோர் உண்டு. மின்விசிறியின் சுருதியைக் கண்டுபிடித்து வா என்று வீட்டுப்பாடம் கொடுப்பவரைச் சந்தேகிக்காமல் என்ன செய்வார்கள்? ஆனாலும் பிள்ளைகளை நிறுத்தாமல் அனுப்பினீர்களே, அதற்கு நன்றி. மெதுவான வழி என்று நீங்கள் சொன்னது உண்மை. நான் அவர் கட்சி.

மிருதங்கத்துக்குப் புதுத் தோல் போட்டுத் தந்த கலைஞர், "இத்தனை கேள்வி கேட்ட வாத்தியாரை நான் பார்த்ததேயில்லை" என்றார். புகாரா பாராட்டா தெரியவில்லை. வலந்தலையில், அதாவது வலக்கைப் பக்கத் தோலில், கரணை என்கிற கரிய பூச்சு படிப்படியாக ஏறும்போதெல்லாம் மாஸ்டர் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாராம். சாதாரணத் தோல்வாத்தியத்தில், அடிப்படை ஒலியோடு கூடவே எழும் மேலொலிகள் ஒன்றுக்கொன்று ஒழுங்கில்லாமல் விழும். நடுவில் ஏற்றும் அந்தக் கரிய பூச்சின் கனம்தான் அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. சி.வி. ராமன் இதை 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். மாஸ்டருக்கு அந்த ஆண்டு தன் பிறந்தநாளைவிட நன்றாக நினைவிருக்கும்.

கீழ்வீட்டு அம்மாவுக்குத் தனி வணக்கம். ஆரம்பநிலை வயலின்கள் எழுப்பும் ஓசையை நாங்களே சிரமப்பட்டுத்தான் சகிக்கிறோம். உங்கள் மதியத் தூக்க நேரத்தில் இனி வில் எடுக்க மாட்டோம். புல்லாங்குழலுக்கு விலக்கு உண்டு என்று நீங்களே சொன்னதை மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன், முகம் மலர்ந்துவிட்டது.

திறப்பு நாளுக்கு இரவல் தந்த நாற்காலிகள் இன்னும் இங்கேதான் இருக்கின்றன. சிலவற்றில் பெயர் எழுதவில்லை. உரியவர்கள் வகுப்பு நேரத்தில் வந்து அடையாளம் காட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கிறீச்சிடும் ஒன்றை மட்டும் மாஸ்டர் தர மறுக்கிறார், சுருதி நன்றாக இருக்கிறதாம்.

அன்புடன்,
மாணவர்கள் சார்பில், வயலின் வகுப்பிலிருந்து