சைகை மொழியைக் கற்பிக்கக் காது கேளாதவர்களைத் தயார் செய்யுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

செப்டம்பர் 23, உலக சைகை மொழி நாள். 2018 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த வாரம் வந்தால் அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சைகை மொழிப் பயிற்சி தரவேண்டும் என்ற பேச்சு எழுகிறது. சில இடங்களில் பயிற்சி நடக்கவும் செய்கிறது. நல்லதுதான். ஆனால் சொல்லிக்கொடுப்பவர் பெரும்பாலும் காது கேட்கிறவராக இருக்கிறார். அந்த மொழியை அன்றாடம் புழங்குகிற காது கேளாதவருக்கு ஒரு சால்வை போர்த்தி உட்கார வைத்துவிடுகிறோம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களிலும் காது கேளாத இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, சைகை மொழியை ஆராயவும் கற்பிக்கவும் முறையான பயிற்சி கொடுக்க வேண்டும். படித்து முடித்தவர்களுக்குச் சம்பளத்தோடு வேலையும் தர வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 17, சைகை மொழியில் தகுதி பெற்ற மாற்றுத்திறனாளி ஆசிரியர்களையும் சேர்த்தே பயிற்றுவித்துப் பணியில் அமர்த்தும் பொறுப்பை அரசுக்கும் உள்ளாட்சிக்கும் தருகிறது. ஆகவே சலுகை எதையும் நாங்கள் கேட்கவில்லை.

வாயால் தமிழ் பேசிக்கொண்டே கையால் சைகை செய்வது காது கேட்கும் ஆசிரியர்களிடம் சகஜம். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்கத் தமிழில் கடைசியில் வரும் ‘ஆ’ போதும். இந்திய சைகை மொழியில் அந்த வேலையை முகம் செய்கிறது: புருவம் மேலே ஏறும், தலை சற்று முன்னே வரும், பார்வை எதிரில் இருப்பவர் மேலேயே நிற்கும். பேசிக்கொண்டே சைகை செய்பவரின் ‘ஆ’ வாயோடு போய்விடுகிறது, புருவம் அசைவதே இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குத் தெரிவது சாப்பிடுவதைக் காட்டும் ஒற்றைக் கையசைவு மட்டும். கேட்கிறாரா, சாப்பிடச் சொல்கிறாரா என்று அது ஊகிக்க வேண்டியிருக்கிறது. ‘எங்கே’, ‘யார்’, ‘எப்போது’ போன்ற கேள்விச் சைகைகள் வாக்கியத்தின் கடைசியில் வரும். ‘இல்லை’யும் அப்படித்தான், தலையசைப்போடு. தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் கையில் போட்டால் இதெல்லாம் குலைந்துவிடும். விளக்கிச் சொன்னால் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனாலும் அடுத்த நிமிடமே நாக்கு கையை இழுத்துக்கொண்டு போகிறது. சைகையிலேயே யோசிக்கிறவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

அதற்காக, சைகை தெரிந்த எவரையும் வகுப்பில் நிறுத்திவிடலாம் என்று சொல்ல வரவில்லை. தமிழ் பேசுகிறவரெல்லாம் தமிழாசிரியர் ஆகிவிடுவதில்லை. தன் கையில் இயல்பாக வருவதைப் பிரித்துப் பார்க்கக் காது கேளாதவருக்கும் பயிற்சி வேண்டும்: கை வடிவம், உள்ளங்கை எந்தப் பக்கம், உடம்பில் எந்த இடம், எப்படி அசைகிறது, முகம் என்ன செய்கிறது. இந்த ஐந்தில் ஒன்று மாறினாலும் பொருள் மாறலாம். ஒரு மாணவரின் சைகை தப்பாக இருக்கும்போது ஐந்தில் எது தப்பு என்று சொல்லத் தெரிந்தவரே ஆசிரியர்.

ஆராய்ச்சி என்றதும் டெல்லிக்காரர் வேலை என்று நினைக்க வேண்டாம். அங்குள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2018-ல் 3,000 சொற்களோடு வெளியிட்ட அகராதி, 2021-ல் 10,000 சொற்களாக வளர்ந்தது. பெரிய உழைப்பு. ஆனால் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வீடுகளில் புழங்குகின்றன. பெங்களூரில் படித்து வந்தவர், சேலத்திலோ சென்னையிலோ படித்தவர், பள்ளிக்கே போகாமல் வீட்டுச் சைகையோடு வளர்ந்தவர் எல்லாரும் இங்கே கலந்து வாழ்கிறார்கள். சைகையோடு சேர்ந்து வரும் உதட்டசைவு ஒருவருக்குத் தமிழ், இன்னொருவருக்குக் கன்னடம். 1977-78-ல் சைகை மொழி ஆய்வாளர்கள் மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் உட்வர்டு உள்ளிட்டோர் டெல்லி, கொல்கத்தா, மும்பை, பெங்களூரு ஆகிய நான்கு நகரங்களின் சைகைகளை ஆராய்ந்தார்கள். வசிஷ்டா காது கேளாதவர். பெங்களூரை ஒட்டியிருக்கும் நம் ஊர்களிலும் அந்த மாதிரி வேலை நடக்க வேண்டும்.

செய்முறை இதுதான். காது கேளாத இருவரை எதிரெதிரே உட்கார வைத்துப் பேசவிட வேண்டும். மூன்று கேமரா, ஆளுக்கொன்று, இருவரையும் சேர்த்துக் காட்ட ஒன்று. செல்போன் கேமராவே போதும், ஆனால் நொடிக்கு 50 அல்லது 60 பிரேம் வைக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் விரலெழுத்து, அதாவது ஒரு சொல்லை எழுத்தெழுத்தாக விரலால் காட்டுவது, மங்கலாகிவிடும். வெளிச்சம் முன்னாலிருந்து வர வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருண்டு, புருவம் தெரியாது. கட்டம் போட்ட சட்டை, மின்னும் வளையல் வேண்டாம். தொடக்கத்தில் ஒருவர் எல்லாக் கேமராவிலும் தெரியும்படி ஒருமுறை கைதட்டினால் மூன்று வீடியோவையும் பிறகு ஒரே நேரத்துக்குப் பொருத்திக்கொள்ளலாம். சம்மதத்தையும் சைகையிலேயே பதிவு செய்ய வேண்டும். படித்துப் பார்க்க முடியாத தாளில் வாங்கும் கையெழுத்து சம்மதம் ஆகாது.

தமிழ்ச் சொற்பட்டியலைக் கொடுத்து ‘இதற்குச் சைகை காட்டு’ என்று கேட்பதுதான் பலரும் செய்யும் தவறு. அப்படிக் கேட்டால் தமிழ் வரிசையும் விரலெழுத்துமே வரும். வசனமில்லாத படக்கதையைக் காட்டி, பார்க்காத இன்னொருவரிடம் சொல்லச் சொன்னால் இயல்பான மொழி வரும். கேள்வி கேட்பவரும் காது கேளாதவராக இருக்க வேண்டும். காது கேட்கிறவர் எதிரே உட்கார்ந்தால், அவருக்குப் புரியட்டும் என்று நிதானமாக, தமிழ் நடையில் மாற்றிச் சைகை செய்வார்கள். மரியாதையால் வரும் மாற்றம் அது. அப்புறம் பதிவில் இருப்பது அவர்களுடைய மொழியாக இருக்காது.

பதிவை, வீடியோவில் நேரத்தோடு குறிப்பு எழுத உதவும் ‘எலான்’ என்ற இலவச மென்பொருளில் ஏற்றி வலது கை, இடது கை, முகமும் தலையும், உதடு, தமிழ்ப் பொருள் என்று தனித்தனி அடுக்குகளில் குறிக்க வேண்டும். ஒரே சைகைக்கு எப்போதும் ஒரே பெயர். இன்று ‘வீடு’, நாளை ‘இல்லம்’ என்று எழுதினால் தேடும்போது பாதி கிடைக்காது. ஒரு நிமிட வீடியோவைக் குறிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பேசியவரின் வயது, சைகை கற்ற வயது, படித்த பள்ளி, பெற்றோருக்குக் காது கேட்குமா ஆகிய விவரங்கள் சேராத பதிவு பின்னால் அதிகம் உதவாது.

கற்பித்தலுக்கு வந்தால், ஒரு வகுப்புக்கு 12 பேர் போதும், நாற்காலிகளை அரைவட்டமாகப் போட வேண்டும். குரலுக்கு இடமில்லை. முதல் சில வாரம் நோட்டில் எழுதவும் விடக்கூடாது. எழுதக் குனிந்தால் கண் போய்விடும், கண் போனால் பாடம் போய்விடும். தேர்வும் வீடியோவில்தான்.

இரண்டாண்டு டிப்ளமோ இருக்கிறது, இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகாரத்தோடு, காது கேளாதவர்களுக்கென்றே: இந்திய சைகை மொழி கற்பித்தல். பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும். நம் பிள்ளைகள் பலர் தடுக்கிவிழுவது இந்த இடத்தில். சைகை மொழியில் பாடம் கிடைக்காததால் பத்தாம் வகுப்பிலேயே நின்றவர்களிடம் பிளஸ் டூ சான்றிதழ் கேட்டால் எங்கே போவார்கள்? வியட்நாமில் தொங் நாய் மாகாணத்தில் 2000-ல் தொடங்கிய திட்டம் இதற்கு ஒரு வழி காட்டியது. அங்கே படிப்பைத் தொடர முடியாமல் நின்ற காது கேளாத பெரியவர்களுக்குச் சைகை மொழி வழியாகவே உயர்நிலை, மேல்நிலைப் பாடங்களை நடத்தி, கூடவே தங்கள் மொழியை ஆராயவும் கற்பிக்கவும் பயிற்றுவித்துக் கல்லூரி வரை கொண்டுபோனார்கள். முன்னே சொன்ன உட்வர்டுக்கு அதில் முக்கியப் பங்குண்டு. நம்மிடம் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. அதில் சைகை மொழியே ஒரு மொழிப்பாடம். மாவட்டத்துக்கு ஒன்றாக, பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் மாலை வகுப்பு வைத்து, பத்து பேரை அதன் வழியே பிளஸ் டூ எழுத வைக்கலாம். பதிவு வேலையையும் அதே வகுப்பில் கற்றுக்கொள்ளலாம்.

முடித்தவர்களை முதலில் அனுப்ப வேண்டிய இடம் கைக்குழந்தைகள் இருக்கும் வீடுகள். காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். வீட்டில் சைகை மொழி தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். ஐந்து வயதில் பள்ளியில் சேரும்வரை காத்திருந்தால் மொழி வளர வேண்டிய முக்கியமான ஆண்டுகள் வீணாகிவிடும்.

சம்பளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காது கேட்கும் பயிற்றுநருக்கு மதிப்பூதியமும் காது கேளாதவருக்குப் பயணப்படி மட்டும் என்பதும் நியாயமில்லை. ஒரே வேலைக்கு ஒரே தொகை.

மாவட்ட நிர்வாகம் இப்படியொரு பயிற்சியை அறிவிக்குமானால், அறிவிப்பைச் சைகை மொழி வீடியோவாக எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்ப வேண்டுகிறோம். அச்சில் மட்டும் வந்தால் சேர வேண்டியவர்களுக்குச் சேராது. வீடியோவில் சைகை செய்பவர் காது கேளாதவராக இருக்கட்டும்; விண்ணப்பத்தின் கடைசித் தேதி திரையில் எண்ணாகவும் தெரியட்டும்.

இப்படிக்கு,
சிறப்பாசிரியர்கள், சைகை மொழிப் பயிற்றுநர்கள் சிலர்,
தர்மபுரி – கிருஷ்ணகிரி.