பரணில் பஞ்சு அடிக்கும் முன்

கண்ணு,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே யோசனை. சனிக்கிழமை மிஷினை வாடகைக்கு எடுத்து அட்டிக் பரண் முழுக்க செல்லுலோஸ், அதான் அந்தப் பேப்பர் பஞ்சு, அடித்துவிடப் போகிறோம் என்றாய். அடியுங்கள். மினியாபொலிஸ் குளிருக்கு இப்போது கிடக்கிற நாலு இஞ்ச் கண்ணாடிப் பஞ்சு எந்த மூலைக்கு? குளிர் தடுக்கிற அளவு ஆர்-49 வர வேண்டுமென்றால் செல்லுலோஸ் 14 இஞ்சாவது நிற்க வேண்டும். ஆனால் சமையலறை சீலிங்கில் பதித்திருக்கிற அந்த ஆறு லைட்டையும் பார்க்காமல் ஒரு பிடி கூடப் போடாதே.

ஜனவரியில் நான் அங்கே இருந்தபோது சிங்க்குக்கு மேலே இருக்கிற லைட் தானாக அணைந்து, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக எரிந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பல்பு லூஸ் என்று மாப்பிள்ளை புதுசு மாட்டினார், மறுபடியும் அணைந்தது. லைட் பதித்திருக்கிற டப்பாவுக்குள் சூடு ஏறினால் கரண்டைத் துண்டிக்க ஒரு சின்ன கட்அவுட் இருக்கும், அமெரிக்காவில் 1982லிருந்து அது கட்டாயம். அதுதான் வேலை செய்திருக்கிறது. அன்றைக்கு ஏணி போட்டுத் தலையை நீட்டிப் பார்த்தேன். அந்த டப்பாவை ஒட்டியிருந்த பஞ்சின் பேப்பர் உறை, தோசை ஓரம் மாதிரி பழுப்பேறிக் கிடந்தது. அப்போதே உங்களிடம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் ஊருக்கு வந்துவிட்டேன்.

பஞ்சு மில்லில் 31 வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். ட்யூப்லைட் சோக் மேல் பஞ்சு படிந்து, தீயே தெரியாமல் உள்ளுக்குள் கனன்று, ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கருகல் வாசம் வந்த பிறகுதான் ஆட்கள் ஓடினார்கள். செல்லுலோஸும் பழைய பேப்பர்தானே. போராக்ஸ் மாதிரி மருந்து கலந்திருப்பதால் குபீரென்று பிடிக்காது, ஆனால் சூடு போக வழியில்லாமல் மூடிவைத்தால் அதுவும் கனலும்.

அதனால் முதலில் பிரேக்கரை ஆஃப் செய், டப்பா ஆறட்டும், லைட்டைச் சுற்றியுள்ள வளையத்தை, அதான் டிரிம்மை, கழற்றி உள்ளே டார்ச் அடி. லேபிளில் 'டைப் ஐசி' என்று இருந்தால் பஞ்சு மேலே படலாம். 'நான்-ஐசி' என்று இருந்தாலோ, லேபிளே இல்லாவிட்டாலோ, சுற்றிலும் 3 இஞ்ச் இடைவெளி வேண்டும், மேலேயும் மூடக்கூடாது. எல்இடி பல்பு மாட்டிவிட்டோமே என்று மாப்பிள்ளை சொல்வார். சூடு குறையும்தான், அதற்காக அந்த டப்பா ஐசி ஆகிவிடாது, நாளைக்கு வேறு யாராவது பழைய பல்பைப் போட்டால் என்ன செய்வாய்?

என்னைக் கேட்டால் ஆறையும் கழற்றிவிட்டு, காற்றுப் புகாத ஐசி வகை எல்இடி போடுங்கள். இடைவெளி விட்டுச் சமாளிப்பதைவிட அதுதான் நல்லது, ஏனென்றால் பழைய டப்பாவின் ஓட்டை வழியாகச் சமையலறைச் சூடும் ஈரமும் நேரே மேலே போகிறது. கூரை ஆணிகளின் முனையில் வெள்ளை வெள்ளையாக உறைபனி பூத்திருந்ததைப் பார்த்தேன். கூரையோரத்தில் பனிக்கட்டி கட்டி வழிவதற்கும் அந்தச் சூடு ஒரு காரணம்.

அப்புறம், பழைய பஞ்சுக்கு அடியில் அப்ரகம் மாதிரி மினுங்குகிற சின்னக் கற்கள் இருந்தால் தொடாமல் இறங்கிவிடு. அது வெர்மிகுலைட். மொண்டானாவில் லிபி சுரங்கத்திலிருந்து வந்ததில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, அந்தச் சுரங்கத்தை 1990லேயே மூடிவிட்டார்கள், ஆனால் பழைய வீடுகளில் இன்னும் கிடக்கிறது. உங்கள் வீடும் 1950களில் கட்டியதுதானே.

கட்டை மேல் மட்டும் கால் வை, நடுவில் மிதித்தால் சீலிங் பலகையோடு கீழே வந்துவிடுவாய். மாஸ்க் போட்டுக்கொள். ஆறு லேபிளையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, இங்கே நடுராத்திரி ஆனாலும் பரவாயில்லை, முழித்திருக்கிறேன்.

அப்பா