சோத்த நிறுத்துனா நுரையீரல் கேன்சர் சாவாது சார்

ஆசிரியருக்கு வணக்கம். நுரையீரல் கேன்சர வளத்து விடுற ஒரு என்சைம் (செல்லுக்குள்ள ரசாயன வேலைய நடத்திக் குடுக்கிற புரதம்) பத்தி உங்க பேப்பர்ல நாலு வரி நியூஸ் போட்டிருந்தீங்க, நல்ல விஷயம்தான், ஆனா "சக்கரைய வச்சு வளருது"ன்னு மட்டும் சொல்லி முடிச்சிட்டதால குடியாத்தம் பக்கம் அது வாட்ஸப்ல வேற மாதிரி ஆகி சுத்திகினு இருக்குது. சோறு, சக்கரை, பழம் எல்லாத்தையும் நிறுத்துனா கட்டி பட்டினி கெடந்து செத்துடுமாம். நான் லேப் டெக்னீஷியன், ரிப்போர்ட்ட கையில வச்சிகினு நிக்கிறவங்க இப்ப கேக்குற மொத கேள்வியே இதான்.

குளுக்கோஸ் செல்லுக்குள்ள உடைஞ்சு பைருவேட் ஆகும். ஆக்சிஜன் இருந்தா அது செல்லோட பவர் ஹவுஸான மைட்டோகாண்ட்ரியாவுல முழுசா எரியும், ஒரு குளுக்கோஸுக்கு சுமார் 30 ஏடிபி தேறும், ஏடிபின்னா செல்லு செலவு பண்ற சக்தி. வேகமா ஓடும்போது தசையில அந்த அளவுக்கு ஆக்சிஜன் எட்டாது, அப்போ நீங்க போட்ட அந்த என்சைம், எல்டிஎச்னு நாங்க சொல்ற லாக்டேட் டிஹைட்ரஜனேஸ், அந்த பைருவேட்ட லாக்டேட்டா மாத்திடும், இதுல கெடைக்கிறது வெறும் 2 ஏடிபி. கேன்சர் செல்லு ஆக்சிஜன் தாராளமா இருக்கும்போதே இந்த வழியிலதான் போவுது, 1920கள்லயே ஜெர்மன்காரர் ஓட்டோ வார்பர்க் இத பாத்துட்டாரு. நஷ்டத்துக்கு ஏன் யாவாரம் பண்ணுதுன்னு தோணும். செல்லு ரெண்டா பிரியணும்னா புது டிஎன்ஏ, புது சவ்வு எல்லாம் கட்டணும், அதுக்கு கார்பன் வேணும், முழுசா எரிச்சுட்டா அந்த கார்பன் மூச்சோட வெளிய போயிடும். அதனால பாதி வழியில தேவையானத உருவிக்குது, குளுக்கோஸ் நிக்காம உடைய என்ஏடின்னு ஒரு துணைப்பொருள் வேணுமே, அத திரும்ப எடுத்து குடுக்கிறது இந்த எல்டிஎச்.

பரவுறதுக்கும் இதுதான் கை குடுக்குது. வெளிய கொட்டுற லாக்டேட்டும் அமிலமும் சேந்து சுத்தி இருக்கிற திசுவ அரிக்க உதவுது, காவலுக்கு வர்ற டி செல்ல மந்தமாக்குது, புது ரத்தக்குழாய் முளைக்கவும் தூண்டுது. அப்படி கெளம்புன செல்லு மூளை, எலும்பு, கல்லீரல்னு போயி உக்காருது. நுரையீரல் கேன்சர் வர்ற மாதிரி வளத்த எலிங்ககிட்ட இந்த எல்டிஎச்ச உண்டாக்குற எல்டிஎச்-ஏ ஜீன எடுத்துட்டா கட்டி சுருங்குனத 2014ல காட்டியிருக்காங்க. எலியில.

அப்ப சக்கரைய நிறுத்துறதுல என்ன தப்புன்னு கேப்பாங்க. நீங்க நிறுத்துனாலும் கல்லீரல் நிறுத்தாது சார், தசைய கரைச்சு அந்த புரதத்துல இருந்து குளுக்கோஸ் பண்ணி ரத்தத்துல உடும். கூத்து என்னன்னா கட்டி துப்புற அந்த லாக்டேட்டையே கல்லீரல் பிடிச்சு மறுபடி குளுக்கோஸாக்கி அனுப்புது. நடுவுல இளைச்சுப் போறது பேஷண்ட்தான், ஏற்கெனவே எடை கொறைஞ்ச ஆளு கஞ்சியையும் விட்டுட்டா கீமோவ எப்பிடி தாங்குவாரு? பெட் ஸ்கேன்ல கட்டி பளிச்சுன்னு தெரியுதேன்னு ஒருத்தர் சண்டைக்கே வந்தாரு. நெசந்தான், குளுக்கோஸ் மாதிரி இருக்கிற கதிரியக்க மருந்த கட்டி அதிகமா இழுக்குது, ஆனா மூளையும் அதே ஸ்கேன்ல பளிச்சுன்னுதான் தெரியும், அது என்ன கேன்சரா?

அந்த என்சைமையே மருந்தால அடைச்சிடலாமேன்னா அதுலயும் சிக்கல். ரத்தச் சிவப்பணுவுல மைட்டோகாண்ட்ரியாவே கெடையாது, அது எல்டிஎச்ச நம்பித்தான் ஓடுது. ஒரு வகை ரத்தப்புற்றுக்கு 2018ல ஐவோசிடெனிப்னு மாத்திரை அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு, அது அடைக்கிறது ஐடிஎச்1னு வேற என்சைம், அதுவும் கேன்சர் செல்லுல உருமாறிப்போனதத்தான் குறி வைக்குது. எல்டிஎச்சுக்கு அந்த வசதி இல்ல, நல்ல செல்லுலயும் கேன்சர் செல்லுலயும் அது ஒண்ணுதான்.

இன்னொன்னு, ரத்தத்துல எல்டிஎச் கூடுனா கேன்சர்னு அர்த்தம் இல்ல. ஊசி போட்டு ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைஞ்சாலே நம்பர் ஏறிடும், எங்களுக்கு அது தினம் நடக்கிறது. இத வச்சு ராத்திரியெல்லாம் தூங்காம வர்றவங்க இருக்காங்க.

அதனால அடுத்த தடவ இந்த மாதிரி நியூஸ் போடும்போது சோதனை எலியிலயா மனுசங்ககிட்டயான்னு மொத வரியிலயே போட்டுடுங்க, டாக்டர கேக்காம சாப்பாட்ட கொறைக்கக் கூடாதுன்னு ஒரு வரி சேத்துக்குங்க. எடம் மிச்சம் இருந்தா பீடிய பத்தியும் எழுதுங்க, பேர்ணாம்பட்டு குடியாத்தம்னா பீடி சுத்துற ஊருன்னு எல்லாருக்கும் தெரியும், சிகரெட்தான் கெடுதல் பீடி எல தானேன்னு சொல்ற பெருசுங்க இங்க இன்னமும் நெறைய பேர் இருக்காங்க.

இப்படிக்கு,
லேப் டெக்னீஷியன்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்